இடக்கைக் கோடு

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் தனேஸ்வரனைத் தெரியாதவர்கள் கிடையாது. இரும்புச் சாமான் கிடங்கில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலைதான் அவருக்கு. பேச்சைக் கேட்டால் கிடங்கையே அவர் பேரில் எழுதி வைத்திருப்பதுபோல் இருக்கும். கோயில் கூட்டமா, கல்யாண வீடா, செத்த வீடா, எங்கே போனாலும் முன்வரிசை நாற்காலி வேண்டும். அப்படிப்பட்ட மனிதர், தம்பி சுகுமாரனை ஆயுதக் கும்பல் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்த அன்று நடுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எழுந்து பழையபடி ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம்.

சுகுமாரன் சபா மாநிலத்தின் கிழக்குக் கடலில் இழுவைப் படகு ஒன்றில் இயந்திரம் பார்ப்பவர். பட்டப்பகலில், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், வேகப் படகில் ஏழு பேர் துப்பாக்கியோடு வந்து ஏறினார்கள். கப்பலோட்டி, சமையல்காரர், சுகுமாரன் ஆகிய மூன்று பேரை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லைக்கு அப்பால், பக்கத்து நாட்டின் தெற்குத் தீவுகள் பக்கம் போய்விட்டார்கள். அந்தக் கும்பல் வாயில் மதம், கையில் துப்பாக்கி, செய்வது ஆள்பிடிக்கிற வியாபாரம். அவர்கள் பிடித்துப் போன மூவரில் இரண்டு பேர் ஐந்து வேளை தொழுகிறவர்கள். அதையெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை.

தனேஸ்வரன் மனுக்கள் அடங்கிய ஒரு சிவப்புக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஈப்போ முழுக்க ஏறி இறங்கினார். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம், பத்திரிகைக்காரர்கள், கட்சிக் கிளை, எதையும் விடவில்லை. "எங்க அப்பா ஆறாங்கட்டைத் தோட்டத்துல கிராணியா இருந்தவரு. கௌரவமான குடும்பம் சார் நாங்க" என்று ஆரம்பித்துத்தான் தம்பி கதைக்கே வருவார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்; நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர். உண்மையில் அவர் அப்பா ராமையா முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர்; அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். செமோர் பக்கம் இருந்த அந்தத் தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளாகிவிட்டதால் சாட்சி சொல்ல ஒரு மரம்கூட மிச்சமில்லை. அந்தத் தைரியத்தில் அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பல வருஷம் ஆகிறது.

சுகுமாரன் மனைவி துளசி எங்கேயும் போகவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை, சுருக்கம் பார்த்துக் கழிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போன நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் வந்து சமைப்பாள், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி மடிப்பாள். அழுது ஒருவரும் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். தனேஸ்வரனும் அப்படித்தான் நினைத்தார். தோட்டத்தில் பதினாறு வயதிலிருந்து மரம் வெட்டின பெண்ணைத் தம்பி காதலித்துக் கட்டிக்கொண்டதில் அவருக்கு என்றைக்குமே சம்மதமில்லை. கல்யாணப் பந்தலில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "துணிக்கடையில இருக்கு" என்று சொன்னவர் அவர்தான். துளசி காதில் அது விழுந்தது. அவள் இருபது வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒன்பதாம் நாள் முதல் படம் வந்தது. ஒரு சுவர், அதன்முன் மூன்று பேர், அவ்வளவுதான். இருபத்து மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, துளசியின் கைப்பேசிக்கு இரண்டாவது படம் வந்தது. தகவல் போன ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் பாஸ்கல் வந்துவிட்டார். கோலாலம்பூரிலிருந்து இந்த வழக்குக்காகவே அனுப்பப்பட்டவர், ஈப்போவில் பிறந்தவர்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்காருகிற போலீஸ்காரர் என்பதால் துளசிக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

படம் நாற்பது விநாடி ஓடியது. இந்த முறை சுகுமாரன் மட்டும். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஒரு மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் முகத்தை மூடிய ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். சுகுமாரன் காகிதத்தைப் பார்த்து மலாயில் வாசித்தார். பதினைந்து நாளுக்குள் கேட்ட பணம் வராவிட்டால் முதலில் தன்னை வெட்டுவார்கள் என்று அதில் இருந்தது.

தனேஸ்வரன் பாஸ்கல் பக்கம் திரும்பினார். "சும்மா மெரட்டுறானுங்கதான சார்?"

பாஸ்கல் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லண்ணே. தேதி சொன்னா செய்வானுங்க. முன்னாடி செஞ்சிருக்கானுங்க. அந்தத் தீவுல மலையும் காடுமா கெடக்கு. நம்ம நாட்டு ஆளுங்க உள்ள போக முடியாது. அங்க உள்ள ராணுவத்துக்கு எங்க தேடுறதுன்னே தெரியல. ஊர் ஜனங்க வாயத் தொறக்க மாட்டாங்க. தொறந்தா வீட்டோட கொளுத்திருவானுங்க. நம்மள விட அந்த ஜனங்கதான் அவனுங்ககிட்ட ரொம்ப அனுபவிக்கிறது."

அவர் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். என்ன துப்பாக்கி, என்ன செருப்பு, தூரத்தில் கேட்பது படகுச் சத்தமா என்று குறித்துக்கொண்டார். தனேஸ்வரன் தன் பங்குக்கு, முகமூடிக்காரன் கண்ணைப் பார்த்தாலே பெரிய தலை என்று தெரிகிறது என்று ஒரு கருத்துச் சொன்னார். இருவருக்கும் பின்னால் நின்றிருந்த துளசி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"தம்பி, அந்த மரத்த கொஞ்சம் பெருசாக்குங்க."

"எந்த மரம்க்கா?"

"அவரு சாஞ்சிருக்காருல்ல, அதுக்குப் பக்கத்து மரம். அது பால் மரம். கோடு போட்டிருக்கு பாருங்க."

தனேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. "இப்ப மரமா முக்கியம்? சார் வேலையப் பார்க்க விடு லா துளசி."

பாஸ்கல் பெரிதாக்கினார். மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, அதன் அடியில் கம்பியில் மாட்டிய ஒரு சிரட்டை. துளசி குனிந்து, கையுறையில் ஓட்டை தேடுகிற அதே கண்ணோடு பார்த்தாள். பிறகு சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"பால் மரத்துக்கு எதிர்க்க நின்னா, எடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும் கோடு. எல்லா ஊர்லயும் அப்படித்தான். பட்டைக்குள்ள பால் நரம்பு சாஞ்சு ஓடுது, அப்படி வெட்டுனாத்தான் பால் நல்லா வரும். இது மாறி இருக்கு. வலது பக்கம் மேல, எடது பக்கம் கீழ. பக்கத்து மரமும் அதே மாதிரி. இத வெட்டுறது எடக்கை ஆளு."

பாஸ்கல் யோசித்தார். "படத்தத் திருப்பிப் போட்டிருப்பானுங்கக்கா. கைப்பேசில முன்பக்கமா எடுத்தா எடது வலது மாறிரும்."

"அவரு சட்டையப் பாருங்க. படகுக் கம்பெனி பேரு நேராத்தான இருக்கு."

பாஸ்கல் பார்த்தார். எழுத்து நேராகத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

துளசி விடவில்லை. "கோட்டுல வெள்ளையா பால் இன்னும் ஓடுது. சிரட்டை பாதிகூட நெறையல. அப்ப விடிகாலைல வெட்டியிருக்காங்க, இவனுங்க அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள எடுத்திருக்கானுங்க. அந்த ஆளு தெனம் இல்லாட்டியும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா அந்த நெரைக்கு, அந்த மர வரிசைக்கு வரணும். பாலையோ ஒறஞ்ச கட்டியையோ கொண்டுபோயி எங்கயாச்சும் விக்கணும். பால் வாங்குற கடைக்காரனுக்கு யாரு எடக்கைன்னு தெரியாம இருக்காது. எங்க தோட்டத்துல பால் நிறுக்குற ஸ்டோருக்கே தெரியும்."

"எங்க தோட்டத்துல" என்ற வார்த்தை தனேஸ்வரனைத் தூக்கிப் போட்டது. இத்தனை நாள் இந்தப் போலீஸ்காரரிடம் கிராணி மகன், கௌரவமான குடும்பம் என்று அளந்த அளப்பெல்லாம் இப்போது காற்றில் பறக்கப் போகிறது. அவர் சிரித்தபடியே குறுக்கே விழுந்தார்.

"சார், அது ஏதோ சின்ன வயசுல வேடிக்க பார்த்தத வச்சு சொல்லுது. எங்க குடும்பத்துல யாரும் மரம் வெட்டுனதில்ல. நீங்க துப்பாக்கியப் பாருங்க."

பாஸ்கலின் பேனா நின்றுவிட்டது. அவர் துளசியைப் பார்த்தார். "அக்கா, இத நான் மேல அனுப்புனா அங்க உள்ள ஆளுங்க மத்த எடத்த விட்டுட்டு இதத்தான் தேடுவாங்க. பதினஞ்சு நாள்தான் இருக்கு. தப்பாப் போச்சுன்னா அவ்ளதான். நீங்க வெட்டியிருக்கீங்களா, இல்ல பார்த்துதான் தெரியுமா?"

துளசி தனேஸ்வரனைத்தான் பார்த்தாள். அதில் கோபம் இல்லை; இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருபது வருஷமாக அவருடைய பொய்யை அவருக்காகக் காப்பாற்றிக்கொண்டு வந்தவள், அதை இப்போது தானே உடைக்கலாமா என்று அவரிடமே அனுமதி கேட்பதுபோல் நின்றாள். கைப்பேசித் திரையில் சுகுமாரன் ஒட்டிய கன்னத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தனேஸ்வரனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தம்பி கழுத்தில் கத்தி இருக்கிறது, அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அவர் சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினார். அங்கே தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"பால் வாளி தொங்குற காண்டாக் கட்டை தூக்குன தழும்பு சார் இது. நானும் வெட்டியிருக்கேன். எங்கப்பா கிராணி இல்ல, மரம் வெட்டுனவரு. நான் சொன்னதெல்லாம் பொய். இந்தத் துளசி ஏழு வருசம் வெட்டுச்சு. ஆறாங்கட்டையில இதுக்கு மேல ஒரு கை கெடையாது. இது சொல்றத எழுதிக்குங்க."

துளசி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் பாஸ்கலுக்குச் சொன்னாள்.

"எனக்கும் எடக்கைதான் தம்பி. முத நாளு ஒரு நெரை பூரா இப்படித்தான் மாத்தி வெட்டிட்டேன், நூத்துக்கு மேல மரம். கங்காணி வந்து பார்த்துட்டு வேப்பிலை அடிக்காத குறையா ஆடுனாரு. எங்கப்பாவுக்கு ஒரு மாசம் நல்ல நெரை குடுக்கல. அப்புறம் அப்பா என் எடது கையத் துண்டால இடுப்போட கட்டி வச்சு, வலது கையில பழக்குனாரு. எங்க தோட்டத்துல கங்காணி இருந்தாரு, திருத்துனாங்க. அங்க திருத்துறதுக்கு ஆளு இல்ல. சொந்த மரமா இருக்கும்."

பாஸ்கல் எழுதிக்கொண்டே போனார். எழுந்து செருப்பை மாட்டப் போனவரைத் துளசி நிறுத்தினாள்.

"தம்பி, ஒண்ணு. அந்த ஆளுகிட்ட நேரா போயிக் கேக்கக் கூடாது. கும்பலுக்குத் தெரிஞ்சா அதத்தான் மொதல்ல கொல்லுவானுங்க. அந்த ஆள எடத்த விட்டு வெளிய கொண்டு வந்துட்டுத்தான் மத்தது. இத நீங்க எழுதுங்க. எழுதாட்டி நான் சொன்னதையும் அடிச்சிருங்க."

புருஷன் உயிருக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது, இவள் முகம் தெரியாத ஒரு ஆளுக்காகப் பேரம் பேசுகிறாள். தனக்கு வராத புத்தி இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தனேஸ்வரனுக்கு விளங்கவில்லை. பாஸ்கல் நின்றபடியே அதையும் எழுதி, அவளிடம் காட்டிவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் தனேஸ்வரன் சிவப்புக் கோப்பைத் தொடவே இல்லை. காலையில் துளசியைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் போய்க் கூட்டி வந்தார். ஒருநாள் தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் போகும்போது, "துணிக்கடைன்னு சொன்னேன்ல, அது தப்பு" என்றார். "பச்சை விளக்கு விழுந்துருச்சு மாமா, போங்க" என்றாள் துளசி. அவளிடமிருந்து அவருக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வளவுதான்; அவருக்கு அது போதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் கிடங்குக்கே போன் வந்தது. பாஸ்கல்தான் பேசினார். "அண்ணே, எடுத்தாச்சு. மூணு பேரையும் உயிரோட எடுத்தாச்சு." தனேஸ்வரன் பாதி ஏற்றிய லாரியை அப்படியே விட்டுவிட்டு, தலைக்கவசம்கூட இல்லாமல் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளை ஓட்டினார். வாசல் காவல்காரனிடம் எந்தப் பிரிவு என்று சொல்லத் தெரியாமல் "மரம் வெட்டுற துளசி, மரம் வெட்டுற துளசி" என்று கத்தினாராம். அந்தத் தொழிற்சாலையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சுகுமாரன் வீட்டுக்கு வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. பாதி உடம்புதான் வந்தது. சாப்பிடும்போது கதவைப் பார்த்தபடியே சாப்பிட்டார். மூன்றாம் நாள்தான் கொஞ்சம் பேசினார்.

"ஒரு பொண்ணு லா. பத்தொம்பது, இருவது வயசு இருக்கும். விடியும்போது வந்து வெட்டும். எங்களத் திரும்பிக்கூட பார்க்காது. பார்த்தா அதுக்கு அடி. பாலுல பாதி அவனுங்களுக்குக் குடுத்துரணும், அதனாலதான் விட்டு வச்சிருந்தானுங்க. ஒருநாள் எம் பக்கத்துல உள்ள மரத்து வேருல எல சுத்தி ரெண்டு அவிச்ச வாழைப்பழம் இருந்துச்சு. யாரு வச்சான்னு மொதல்ல தெரியல. அதுக்கப்புறம் அது வெட்டுக்கு வர்ற நாளெல்லாம் இருந்துச்சு. அதான் உசுரு நின்னுச்சு."

"எந்தக் கையில வெட்டும்?" என்று துளசி கேட்டாள். சுகுமாரன் கண்ணை மூடி யோசித்துவிட்டு, இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஸ்கல் வந்தார். வந்தவரை உட்காரக்கூட விடாமல் துளசி, "அந்தப் பொண்ணு?" என்றாள்.

"நீங்க எழுதச் சொன்னதத்தான்க்கா மொதல்ல செஞ்சாங்க. பால் கடைக்காரரு மூலமா ஆளு தெரிஞ்சதும், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னு சொல்லி அதையும் அதோட அப்பாவையும் டவுனுக்குக் கொண்டு வந்துட்டாங்க. அப்புறம்தான் எடத்தையே கேட்டாங்க. அதுவே படம் வரைஞ்சு குடுத்துச்சாம். பத்திரமா இருக்காங்க. பேரு மட்டும் என்னால சொல்ல முடியாது." பாஸ்கல் அப்போதுதான் உட்கார்ந்தார். "ஆனா கும்பல்ல தப்பிச்சுப் போனவனுங்க ரெண்டு நாள் கழிச்சு வந்து வீட்டக் கொளுத்திட்டானுங்க. அவங்க மரத்தையெல்லாம் அடியோட சாய்ச்சுட்டானுங்க. முந்நூறு மரம். அந்தப் பொண்ணும் அப்பாவும் இனிமே அந்த ஊருக்குத் திரும்ப முடியாது."

துளசி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போனபோது அழாதவள், வெட்டுவோம் என்று தேதி வைத்த படத்தைப் பார்த்தும் அழாதவள், "முந்நூறு மரமா, முந்நூறு மரமா" என்று சொல்லிச் சொல்லி வாய்விட்டு அழுதாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்த தன் புத்தியை எதால் அடிப்பது என்று தெரியாமல் தனேஸ்வரன் கதவோரம் நின்றார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனார்கள். சுகுமாரன் பேருக்கு அர்ச்சனை நடந்தது. வழக்கமாகப் பேர், ராசி, நட்சத்திரம் என்று முழக்கமிடுகிறவர் தனேஸ்வரன்தான். அன்று மெதுவாகச் சொன்னார். தீபம் காட்டி முடிந்ததும் துளசி கூடையிலிருந்து இன்னொரு தேங்காய், வெற்றிலை, இரண்டு வாழைப்பழம் எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"இது யாரு பேருக்கும்மா? நட்சத்திரம்?" என்று கேட்டார் குருக்கள்.

துளசிக்குப் பேரும் தெரியாது, ராசியும் தெரியாது, அந்தப் பெண் கும்பிடுகிற சாமியும் வேறு. பின்னால் ஆட்கள் தட்டோடு காத்திருந்தார்கள். கோயில் தலைவர் முன்வரிசையில் நின்றிருந்தார். தனேஸ்வரனைக் கிராணி மகன் என்று பத்து வருஷமாக மேடையில் அறிமுகப்படுத்துகிறவர் அவர்தான்.

"பேரு தெரியலன்னா சாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று குருக்கள் தட்டை வாங்கப் போனார்.

"இல்ல சாமி." தனேஸ்வரனின் குரல் அன்றைக்கு முதல்முறையாக முழு நீளத்துக்கு எழும்பியது. கோயிலே திரும்பிப் பார்த்தது. "எங்க வீட்டுப் பொண்ணு. எங்கப்பா மாதிரி, என் தம்பி பொண்டாட்டி மாதிரி, மரம் வெட்டுற பொண்ணு. எடக்கை. அப்படியே சொல்லுங்க."